கண்டக்டர் இல்லாத ஊர்

சென்னையில் நான் வழி தெரிந்துகொண்டு எந்த இடத்துக்கும் போனதில்லை. கேட்டுக் கேட்டுத்தான் போயிருக்கிறேன். பெரம்பூரில் வளர்ந்து, அடையாற்றில் வேலை கிடைத்து, ஆறு ஆண்டுகள் 29சி பேருந்தில் போய்வந்தவள் நான். அந்தப் பேருந்து எந்தெந்தத் தெருக்கள் வழியாக வளைந்து போகிறது என்பதை ஒரு வரைபடத்திலும் பார்த்ததில்லை. நிறுத்தத்தில் நிற்பவரிடம் "இது ஜெமினி வழியாப் போகுமாங்க?" என்று கேட்போம், ஏறியபின் கண்டக்டரிடம் "ஸ்டாப்பிங் வந்தா சொல்லுங்கண்ணா" என்போம், அவர் மறந்துவிட்டாலும் பக்கத்து இருக்கைக்காரர் மறக்கமாட்டார். நெரிசலில் கண்டக்டரை எட்ட முடியாதபோது காசு நான்கைந்து கை மாறி அவரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாக ஒரு பைசா குறையாமல் திரும்பி வரும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற ஒரு வரியை நம்பியே எங்கள் ஊரில் எங்கும் போய்வரலாம்.

2018 அக்டோபரில் வேலை நிமித்தம் பெர்லினுக்கு வந்தபோது அந்த வாயைத்தான் முதலில் இழந்தேன். ஜெர்மன் மொழி தெரியாதது அதற்குச் சிறு காரணம் மட்டுமே, ஏனென்றால் ஆங்கிலம் பேசுபவர்கள் இங்கே நிறைய உண்டு. கேட்பதற்கு ஆளே இல்லை என்பதுதான் பெரிய காரணம். தெருவிலிருந்து படியிறங்கினால் நேரே நடைமேடை. சீட்டையோ அட்டையையோ காட்டினால் திறக்கும் தடுப்புக் கதவு, நம் சென்னை மெட்ரோவில் இருப்பதுபோல, இங்கே ஒரு நிலையத்திலும் கிடையாது. சீட்டு கிழித்துக் கொடுப்பவர் இல்லை, விசில் ஊதுபவர் இல்லை, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரட்டுபவரும் இல்லை. ஒரு கண்டக்டர் நமக்காகச் செய்யும் அத்தனை வேலையையும் இந்த ஊர் பயணியிடமே ஒப்படைத்துவிட்டிருக்கிறது. எந்தத் திசை, எந்த மண்டலம், எந்தச் சீட்டு, எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. படித்துக்கொள்வது நம் பொறுப்பு.

எனவே நான் படிக்கத் தொடங்கினேன். தண்டவாளத்தில் ஓடுபவை இங்கே மூன்று வகை. நிலத்தடியில் ஓடுவது ஊ-பான். யூ என்ற எழுத்தை ஜெர்மானியர் ஊ என்று உச்சரிப்பதால் அந்தப் பெயர். நகரையும் புறநகரையும் இணைத்துப் பெரும்பாலும் வெளிச்சத்தில் ஓடுவது எஸ்-பான். நம் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலுக்கு இதை நெருங்கிய உறவு என்று சொல்லலாம். மூன்றாவது, தெருவில் ஓடும் டிராம். ஊ-பான் 1902இல் தொடங்கியது. நிலத்தடி ரயில் என்று பெயர் இருந்தாலும் அதன் முதல் தடத்தின் பெரும்பகுதி இரும்புத் தூண்களின்மேல், தெருவுக்கு மேலே போகிறது. இன்று ஒன்பது தடங்களும் 175 நிலையங்களும் இருக்கின்றன. முற்காலத்துத் தடங்களின் பெட்டிகள் 2.30 மீட்டர் அகலம். பிற்காலத்துத் தடங்களின் பெட்டிகள் 2.65 மீட்டர். அந்த 35 சென்டிமீட்டர் வேறுபாட்டால் அகலமான பெட்டி பழைய சுரங்கத்துக்குள் நுழையவே முடியாது. முழங்கால்கள் எதிரிருக்கைக்காரரோடு முட்டிக்கொண்டால் நாம் பழைய தடத்தில் இருக்கிறோம் என்பதை, பலகையைப் பார்க்காமலேயே இப்போது சொல்லிவிடுவேன்.

திசையை எப்படிப் படிப்பது என்பது முதல் பாடம். நடைமேடைப் பலகையில் நாம் போக வேண்டிய இடத்தின் பெயர் இருக்காது, தடத்தின் கடைசி நிலையத்தின் பெயர்தான் இருக்கும். நான் குடியிருந்தது வெட்டிங் பகுதியில், பாங்க் ஷ்ட்ராஸ நிலையத்துக்கு அருகே. அலுவலகம் அலெக்ஸாண்டர்பிளாட்ஸில். இரண்டுக்கும் பொதுவானது ஊ8 தடம். அதன் ஒரு முனை வடக்கே விட்டனாவ், மறுமுனை தெற்கே ஹெர்மான் ஷ்ட்ராஸ. இந்த இரண்டு ஊர்களுக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு பெயர்களையும் மனப்பாடம் செய்தால்தான் வேலைக்குப் போய் வீடு திரும்ப முடியும். முதல் வாரத்தில் ஒரு மாலை, வந்த ரயிலில் பார்க்காமல் ஏறி, தலை நிமிர்ந்து பார்த்தபோது பெட்டியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. விட்டனாவில் விளக்கு அணைந்தது. நடைமேடையில் நின்ற அரைமணி நேரத்தில் அந்தத் தடத்தின் அத்தனை நிலையங்களையும் வரிசையாக எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

இரண்டாம் பாடம் விலை கொடுத்துக் கற்றது. அப்போது நகர எல்லைக்குள் ஒருமுறை பயணத்துக்கான சீட்டு 2 யூரோ 80 சென்ட். இயந்திரத்தில் பணம் போட்டு வாங்கி, பத்திரமாகப் பணப்பைக்குள் வைத்து, இரண்டு வாரம் நிம்மதியாகப் பயணம் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் சாதாரண உடையில் இருந்த இருவர், கதவு மூடியதும் எழுந்து நின்று, "ஃபார்ஷைன, பிட்டே", அதாவது சீட்டைக் காட்டுங்கள், என்றார்கள். மற்றவர்கள் கைபேசியையும் அட்டையையும் நீட்ட, நானும் பெருமையாகச் சீட்டை நீட்டினேன். இருவரில் ஒருவரான அம்மையார் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் ஓரத்தில் வெள்ளையாக இருந்த ஒரு சிறு கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு முத்திரை இருந்திருக்க வேண்டும். நடைமேடையில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் பெட்டியொன்றில் சீட்டைச் செருகினால், டக் என்ற ஓசையோடு தேதியும் நேரமும் நிலையமும் அதன்மேல் பதியும். அந்தப் பெட்டிகளை நான் தினமும் கடந்துபோயிருக்கிறேன். எதற்கென்று கேட்கவில்லை, அதன்மேல் எழுதியிருந்ததைப் படிக்கவும் இல்லை. அபராதம் 60 யூரோ.

அந்தப் பெட்டியின் மேல் எழுதியிருந்த சொல்லை அன்றிரவு அகராதியில் தேடினேன். எண்ட்வேர்ட்டன். நேர்ப்பொருள், மதிப்பை நீக்குதல். சீட்டின் மதிப்பை நாமே நம் கையால் நீக்கிய பிறகுதான் அது செல்லுபடியாகிறது. மீண்டும் பயன்படுத்த முடியாதபடி அதைச் செலவழித்துவிட்டேன் என்று, பார்ப்பவர் யாருமில்லாத இடத்தில், பயணி தானே அளிக்கும் ஒப்புதல் அது. நம் ஊரில் அந்த ஒப்புதலை வாங்குவது கண்டக்டரின் வேலை. அந்தச் சொல்லின் பொருள் புரிந்தபின் அபராதத்தின் மீதிருந்த வருத்தம் எனக்குப் பெரும்பாலும் போய்விட்டது.

ஆனால் வேறொரு வருத்தம் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. அது இன்னும் போகவில்லை. சீட்டில்லாமல் பயணம் செய்வது ஜெர்மனியில் வெறும் அபராதத்தோடு முடிந்துவிடுவதில்லை. தண்டனைச் சட்டத்தின் 265அ பிரிவின்படி அது குற்றம். அந்தப் பிரிவு 1935இல் நாஜிகள் ஆட்சியில் சேர்க்கப்பட்டது. திரும்பத் திரும்பப் பிடிபட்டு, நீதிமன்றம் விதிக்கும் தண்டத்தொகையைக் கட்ட முடியாதவர்கள், அதற்கு ஈடாகச் சிறையில் நாள் கழிக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சிறை செல்பவர்கள் பெரும்பாலும் வேலையோ வீடோ இல்லாத ஏழைகள். 2021இல் ஆர்ன செம்ஸ்ரொட் என்ற பத்திரிகையாளர் 'சுதந்திர நிதி' என்ற பொருள்படும் அமைப்பொன்றைத் தொடங்கினார். அது நன்கொடை திரட்டி, இத்தகைய கைதிகளின் தண்டத்தொகையைக் கட்டி அவர்களை வெளியே கொண்டுவருகிறது. தடுப்புக் கதவு இல்லாத நிலையத்தை நான் நேசிக்கிறேன்; நம்பிக்கையின் பேரில் ஒரு நகரம் தன் கதவுகளைத் திறந்து வைத்திருப்பது பெரிய விஷயம் என்று உளமார நம்புகிறேன். அதனாலேயே, சில யூரோ சீட்டுக்காக ஒருவரைச் சிறையில் வைப்பது அந்த நம்பிக்கைக்கு இழுக்கு என்றும் நினைக்கிறேன். அந்த 60 யூரோவை என்னால் கட்ட முடிந்தது. கட்ட முடியாமல் போயிருந்தால் இந்த ஊரைப் பற்றி நான் எழுதும் கட்டுரை வேறாக இருந்திருக்கும்.

மாதச் சீட்டு வாங்கத் தொடங்கியபின் முத்திரைப் பெட்டியோடு எனக்கிருந்த தொடர்பு விட்டுப்போனது. அதற்குப் பதிலாகச் சுவர்களைப் பார்க்கத் தொடங்கினேன். வீட்டிலிருந்து அலுவலகம் ஆறாவது நிறுத்தம். பாங்க் ஷ்ட்ராஸ, கெஸுண்ட்புருனன், வோல்டா ஷ்ட்ராஸ, பெர்னவர் ஷ்ட்ராஸ, ரோசன்தாலர் பிளாட்ஸ், வைன்மைஸ்டர் ஷ்ட்ராஸ, அலெக்ஸாண்டர்பிளாட்ஸ். பத்து நிமிடப் பயணம்தான். ஆனால் 28 ஆண்டுகள் இந்தத் தடம் ஓர் உலக எல்லையைக் கடந்து போயிருக்கிறது.

1961 ஆகஸ்டில், நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பெர்லின் சுவர் எழும்பியபோது ஊ8 தடத்தின் வட முனையும் தென் முனையும் மேற்கில் இருந்தன. நடுவே பெர்னவர் ஷ்ட்ராஸ முதல் ஹைன்ரிஷ் ஹைன ஷ்ட்ராஸ வரை ஆறு நிலையங்கள் கிழக்கின் அடியில் இருந்தன. மேற்கு பெர்லின், கிழக்கு ஜெர்மனிக்குக் கட்டணம் செலுத்தி, தன் ரயில்களை அந்தச் சுரங்கத்தின் வழியே தொடர்ந்து ஓட்டியது. ஆனால் அந்த ஆறு நிலையங்களிலும் ரயில் நிற்காது. வேகத்தைக் குறைத்து, மங்கிய விளக்கொளியில், ஆயுதம் ஏந்திய காவலர்கள் நிற்கும் வெற்று நடைமேடைகளைக் கடந்து போகும். அவற்றைப் பேய் நிலையங்கள் என்று மேற்கு பெர்லின் மக்கள் அழைத்தார்கள். மேலே தெருவில் நடந்த கிழக்கு பெர்லின்வாசிகளுக்கோ, வாசல் அடைக்கப்பட்ட அந்த நிலையங்கள் இருந்ததற்கான அடையாளமே இல்லை. காலடியில் அவ்வப்போது ஓர் அதிர்வு மட்டும் கேட்டிருக்கும். சுவர் திறந்த இரண்டாம் நாள், 1989 நவம்பர் 11 அன்று, யானோவிட்ஸ்புருக்க நிலையம் முதலாவதாகத் திறக்கப்பட்டது. 1990 ஜூலை தொடங்கியபோது ஊ8 தடத்தில் அடைபட்ட நிலையம் ஒன்றும் மீதமில்லை.

நான் ஏறும் பாங்க் ஷ்ட்ராஸ நிலையமும் அந்தக் காலத்தின் பிள்ளைதான். 1977இல் திறக்கப்பட்ட அது, அணுகுண்டு விழுந்தால் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கும் புகலிடமாகவும் பயன்படும்படி கட்டப்பட்டது. தினமும் பால் பாக்கெட்டும் மடிக்கணினியும் சுமந்து நான் இறங்கும் படிகளை, வேறொரு நாளில் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள் என்று எதிர்பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். இது தெரிந்த நாள் முதல் வோல்டா ஷ்ட்ராஸவுக்கும் பெர்னவர் ஷ்ட்ராஸவுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு நிமிடத்தில் நான் கைபேசியைப் பார்ப்பதில்லை. சுரங்கச் சுவரில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பது உண்மை, ஆனாலும் பார்க்கிறேன்.

நிலையங்களின் ஓடுகளுக்கும் ஒரு மொழி உண்டு. ஸ்வீடனில் பிறந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் கிரெனாண்டர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஏராளமான நிலையங்களை வடிவமைத்தார். பல தடங்களில் அவர் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நிறம் கொடுத்தார். ரோசன்தாலர் பிளாட்ஸ் ஆரஞ்சு, அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் நீலமும் பச்சையும் கலந்த நிறம். பெயர்ப்பலகை கண்ணில் படாவிட்டாலும் இறங்க வேண்டிய இடத்தை நிறத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்டபோது ஓர் அழகுணர்ச்சியாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். அதன் முழுப் பயனை எனக்குச் சொன்னவர் வேறொருவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

டிராமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேற்கு பெர்லின் தன் டிராம் தடங்களை ஒவ்வொன்றாக மூடி, 1967இல் கடைசி டிராமையும் நிறுத்தி, பேருந்துக்கும் ஊ-பானுக்கும் மாறியது. கிழக்கு பெர்லின் தன் டிராமை வைத்துக்கொண்டது. எனவே இன்றும் போக்குவரத்து வரைபடத்தில் டிராம் தடங்களை மட்டும் தனியே எடுத்து வரைந்தால், மறைந்துபோன எல்லை ஏறக்குறைய அப்படியே தெரியும். 1995 முதல் கோடுகள் மெல்ல மெல்ல மேற்கே நீட்டப்படுகின்றன. 2023 செப்டம்பரில் எம்10 டிராம் டூர்ம் ஷ்ட்ராஸ வரை நீண்டபோது நான் அலுவலகத்துக்கு விடுப்பு போட்டுவிட்டு அதில் போய்வந்தேன்.

ஊர் பேசாமல் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். அது பேசும் நாட்களும் உண்டு. தண்டவாள வேலை நடக்கும்போது ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள். அதற்கான ஜெர்மன் சொல் ஷீனன்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர். தண்டவாளம், மாற்று, போக்குவரத்து என்ற மூன்று சொற்களையும் இடைவெளியில்லாமல் ஒட்டித் தைத்த ஒரே சொல். அந்தச் சொல் பலகையில் தோன்றிய மாத்திரத்தில், அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதிருந்த நாற்பது பேர் பேசத் தொடங்கிவிடுவார்கள். பேருந்து எங்கே நிற்கிறது, குழந்தை வண்டியை யார் தூக்கிவிடுவது, அடுத்த நிலையம்வரை நடந்தே போய்விடலாமா என்று தெருமுனையில் ஒரு சிறு பெரம்பூர் உருவாகிவிடும். நான் வகுப்பில் படித்த ஜெர்மனைவிட அந்தத் தெருமுனைகளில் படித்த ஜெர்மன்தான் வாயில் நின்றது.

2022 ஜூனில் அம்மா வந்தார். அந்தக் கோடையில் ஜெர்மன் அரசு, விலைவாசி உயர்வை ஈடுகட்ட, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களுக்கு 9 யூரோ சீட்டு ஒன்றை வெளியிட்டது. மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடு முழுவதும் உள்ளூர் ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் போகலாம். எழுநூறு ரூபாய் சொச்சம் என்று கணக்குச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. அதன் தொடர்ச்சியாக 2023 மே மாதம் ஜெர்மனிச் சீட்டு 49 யூரோவுக்கு வந்தது; 2025இல் 58, 2026இல் 63 என்று விலை ஏறிவிட்டாலும், நாடு முழுவதற்கும் ஒரே சீட்டு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. என் வரையில், புதிதாக வருபவர்களுக்கு மண்டலம், முத்திரை, குறுந்தூரச் சீட்டு என்ற அத்தனை குழப்பங்களையும் ஒரே நாளில் தீர்த்துவைத்தது அதுதான்.

முதல்முறை ஊ-பானில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா கேட்ட கேள்வி, "கண்டக்டர் எங்கடி?"

"இங்க யாரும் வரமாட்டாங்கம்மா."

"அப்போ டிக்கெட் எடுத்தோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நமக்குத் தெரியும்ல."

அம்மா சிறிது நேரம் யோசித்தார். பிறகு, காகிதத்தில் அச்சிட்டிருந்த தன் சீட்டைச் சிறிதாக மடித்துக் கைக்கடிகார வாருக்குள் செருகிக்கொண்டார். நாற்பது ஆண்டுகளாகப் பேருந்தில் அப்படித்தான் வைத்துப் பழக்கம். அடுத்த மூன்று மாதமும் எங்கே போனாலும் அந்த மடிப்பு மணிக்கட்டில் இருந்தது. வேர்வையில் எழுத்து மங்கிவிடும் என்று நான் சொன்னதற்கு, யாராவது கேட்டால் பைக்குள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஊருக்குத் திரும்ப ஆறு நாள் இருக்கையில் ஒருவர் வந்து கேட்டேவிட்டார். அம்மா மணிக்கட்டிலிருந்து உருவி, மடிப்பை விரித்து, இரு கைகளாலும் நீட்டினார். அவர் பார்த்து, நன்றி சொல்லி நகர்ந்ததும், "கேட்டாங்க பாத்தியா" என்று என் தொடையில் தட்டினார். அவ்வளவு மகிழ்ச்சியை அந்த மூன்று மாதத்தில் வேறெதிலும் நான் அவர் முகத்தில் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சில நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. இருக்கும் இடத்திலும் சில நாட்கள் பழுதாகிக் கிடக்கும். மாடிப்படி எண்ணிப் பழகாத என் வயதுக்கு அது கண்ணில் படவில்லை. அம்மாவோடு நடந்தபோதுதான் இதே ஊரின் வரைபடம் பாதியாகச் சுருங்கியது. சக்கர நாற்காலியிலும் குழந்தை வண்டியோடும் வருபவர்கள் அந்தப் பாதி வரைபடத்தோடுதான் ஆண்டு முழுவதும் வாழ்கிறார்கள்.

படியேற முடியாத நாட்களில் அம்மாவை எஸ்-பான் வட்டத் தடத்தில் அழைத்துப் போனேன். நகரின் மையத்தைச் சுற்றி 37 கிலோமீட்டர், 27 நிலையங்கள், ஒரு முழுச் சுற்றுக்கு 60 நிமிடம். 1877இல் முழுமையடைந்த இந்த வட்டம், சுவரால் 1961இல் அறுபட்டு, 2002இல்தான் மறுபடி முழு வட்டமானது. இதில் எஸ்41, எஸ்42 என்று இரண்டு ரயில்கள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. வட்டத்துக்குக் கடைசி நிலையம் கிடையாது என்பதால் திசையைச் சொல்லப் பலகையில் பெயருக்குப் பதில் எண்ணும் அம்புக்குறியுமே வழிகாட்டி. எது எந்தப் பக்கம் போகும் என்பதில் நான் நான்கு ஆண்டுகள் தடுமாறியிருக்கிறேன். அம்மா கெஸுண்ட்புருனனில் ஏறி, ஷோன்ஹவுஸர் அல்லேயைக் கடக்கையில் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது வலம் வர்றது, அது இடம் வர்றது" என்று சொல்லி முடித்துவிட்டார். கோயில் பிரகாரத்தைச் சுற்றும் திசையில் போவது எஸ்41. அதன்பின் நான் ஒருமுறையும் தவறியதில்லை.

அந்தக் கோடையில்தான், அம்மாவின் விருப்பத்துக்காக, நகரின் தெற்கே இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்குப் போகத் தொடங்கினோம். ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய கோயில். ஊ8இல் ஹெர்மான்பிளாட்ஸ் வரை போய், ஊ7க்கு மாறி, பிளாஷ்கோ அல்லேயில் இறங்க வேண்டும். அம்மா திரும்பிய பிறகும் நான் வெள்ளிக்கிழமைகளில் போய்வருகிறேன். அங்கே பந்தியில் பரிமாறும் ஒரு பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர், நான் எப்படி வந்தேன் என்று கேட்டார். வந்த வழியைச் சொன்னேன். தான் வந்த வழியை அவர் சொன்னார்.

1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் உயிர் தப்பி வெளியேறிய காலம் அது. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர்களுக்குக் கிழக்கு ஜெர்மனி கடவு அனுமதி கொடுத்து, நகரின் நடுவிலிருந்த ஃப்ரீட்ரிஷ் ஷ்ட்ராஸ நிலையம்வரை விட்டது. அந்த ஒரே நிலையத்தில்தான் இரு பக்கத்து ரயில்களும் நின்றன. நடுவே சோதனைச் சாவடியும் தடுப்புச் சுவர்களும் இருந்தன. அதைத் தாண்டி மேற்கு நோக்கிப் போகும் எஸ்-பானில் ஏறிவிட்டால், அடுத்த நிலையம் மேற்கு பெர்லின். மேற்கு நாடுகள் அந்தப் பிரிவினைக் கோட்டை ஒரு நாட்டின் எல்லையாக ஏற்காததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை கிடையாது. ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு அடைக்கலத்தின் வாசலாக அமைந்தது நகர ரயிலின் ஒரு நிறுத்த தூரம். 1985 ஜூலையில் இரு ஜெர்மனிகளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டால் தமிழர்களுக்கு அந்த வாசல் அடைக்கப்பட்டது.

"நான் எண்பத்தஞ்சு மாசியில வந்தனான் பிள்ளை. சரியான குளிர். ரெயின் ஓடத் தொடங்கினாப் பிறகும் இது எந்த நாடு எண்டு எனக்கு விளங்கேல்லை. கேக்கவும் ஒருத்தருமில்லை, வாசிக்கவும் தெரியாது. பக்கத்தில இருந்த கிழவி இறங்கேக்க நானும் இறங்கினன்" என்றார்.

எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டேன். உணவகமொன்றில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்ததாம். அந்த வேலை முடிய இரவு வெகுநேரம் ஆகும். தூக்கக் கலக்கத்தில், எழுத்துத் தெரியாத கண்ணுக்கு, எல்லாப் பெயர்ப்பலகையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"சுவரின்ர நிறத்தைப் பாத்துத்தான் இறங்கிறனான். ஏறின இடத்தில இருந்து எத்தினை நிறம் எண்டு எண்ணி வைச்சிருப்பன்" என்றார் அவர்.

ஆல்ஃப்ரெட் கிரெனாண்டரின் பெயரை நான் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "நல்ல மனுசன்" என்றார்.

அன்று இருவரும் சேர்ந்தே நிலையத்துக்கு நடந்தோம். அவர் அதே ஊ7இல் மேற்கே போக வேண்டும், நான் ஹெர்மான்பிளாட்ஸில் மாறி வடக்கே. நடைமேடைக்கு இறங்கி, கண்ணில் பட்ட இருக்கையருகே நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை.

"இதில நிக்காதேயும் பிள்ளை. இன்னும் கொஞ்சம் அங்கால வாரும். மாறுற படி அந்தப் பெட்டிக்குத்தான் கிட்ட."

ஐந்து ஆண்டுகளாக இந்த ஊர் ரயிலில் போய்வரும் எனக்கு அது தெரியாது. அவர் பின்னால் நடந்தேன். தரையில் அடையாளம் எதுவும் இல்லாத ஓரிடத்தில், மற்ற ஓடுகளைப் போலவே இருந்த ஓர் ஓட்டின்மேல் கால்களைச் சேர்த்து வைத்து நின்றார். ரயில் வந்து நின்றபோது கதவு சரியாக அவருக்கு எதிரே இருந்தது. அவர் பொத்தானை அழுத்திவிட்டு, நான் முதலில் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றார்.